பின் அடிக்கும் கன் வாங்கப் போனோம்

என் வீட்டுக்காரருக்கு வாய் பேச வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம் உண்டு. மீதிப் பாதிப் பேருக்கு என்னால் வாயை மூட முடியுமா என்று சந்தேகம். பக்கத்து ஷெட் மெக்கானிக் எங்களுக்குப் பட்டப்பெயரே வைத்திருக்கிறான். அவர் ஆணிவாய், நான் ரேடியோ.

எங்களுக்குப் பழைய கார்களுக்கு சீட் போடுகிற வேலை. புது வண்டி வந்தால் வேறு கடையைக் காட்டி அனுப்பிவிடுவோம். எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் யாரோ ஒருவருடைய கொட்டகையில் தூசி தின்றுகொண்டு கிடந்து, திடீரென்று ஒருநாள் சொந்தக்காரருக்கு ஆசை பிறந்து வெளியே இழுக்கப்பட்ட கார்கள்தான். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது என் வேலை. நார் அடைத்து, துணியை இழுத்து மரத்தில் அடித்துப் பொருத்துவது அவர் வேலை. அந்தக் காலத்துக் கார்களில் தகரத்துக்கு உள்ளே மரச் சட்டம் இருக்கும். கதவு, கூரை, சீட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் மரம். துணியோ தோலோ, அதில் இழுத்து அடித்தால்தான் நிற்கும்.

துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கை வேண்டும். சுத்தியலுக்கு ஒரு கை. ஆணியை எடுத்துக் கொடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் குட்டி ஆணிகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்காலேயே ஒன்றைத் திருப்பி, அதன் தலையை உதட்டுக்கு வெளியே நீட்டுவார். காந்தம் வைத்த சுத்தியலை உதட்டருகே கொண்டு போனால் ஆணி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தட்டு. அடுத்தது. பார்க்கிறவர்களுக்கு வித்தை மாதிரி இருக்கும். எனக்கு அது வெறும் எரிச்சல், ஏனென்றால் காலையில் போட்டுக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் அந்த வாய் காலியாகும். சாப்பாடு முடிந்ததும் மறுபடி ஆணி.

ஆகவே எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்க நான், பதில் முழுக்க "ம்". அதிலும் ரகம் உண்டு. சின்ன "ம்" என்றால் சரி. "ம்ஹும்" என்றால் வேண்டாம். இழுத்து "ம்ம்ம்" என்றால் யோசிப்போம் என்று அர்த்தம். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தால் சிரிக்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணையும் வளர்த்து ஆளாக்கிவிட்டேன்.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. சாயங்காலம் ஆணியைத் துப்பிவிட்டு உள்ளே வந்த பிறகாவது பேசலாம் அல்லவா? "உப்பு", "கதவைச் சாத்திட்டேன்", "நாளைக்கு ஃபோம் வரும்", அவ்வளவுதான். பழக்க தோஷம் என்று நினைத்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில் என் அக்கா கேட்டாள்: "மனுஷன் உங்கிட்டயாவது பேசறாரா?" "வாய் நிறைய ஆணிக்கா, எப்படிப் பேசுவாரு?" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தையும் அதைச் சொல்லியே ஓட்டிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் கேப்டனுடைய கார் வந்தது. கேப்டன் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரும் அவருக்கு ஒரு கப்பல்தான், நீளமாக, கறுப்பாக, உருண்டை விளக்குகளோடு இருந்தது. பழைய கார் ஊர்வலத்துக்குள் அதன் உள்பக்கம் முழுவதையும் புதிதாக்கித் தர வேண்டும் என்று விட்டுப் போனார்.

பின் சீட்டின் மேல்துணியை நான் அறுத்தெடுத்தேன். அவர் வாயில் ஆணியோடு பக்கத்துக் கதவில் வேலையாக இருந்தார். சீட்டுக்குள் குதிரை முடி அடைத்திருந்தார்கள். யார் எந்தக் காலத்தில் அடைத்ததோ, பிரித்ததும் அத்தனை தூசியும் ஒன்றாகக் கிளம்பியது. நான் இருமினேன். அவர் தும்மினார். ஆணிகள் தரையெல்லாம் சிதறின. சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார், தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"போயிடுச்சு," என்றார்.

"எது?"

"ஒரு ஆணி."

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே படத்தில் அது அவர் வயிற்றுக்குள் சாவகாசமாகப் படுத்திருந்தது. தானாகவே வந்துவிடும் என்றார் டாக்டர். வந்துவிட்டது. எப்படி, எப்போது என்றெல்லாம் நான் விவரிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த நிமிஷத்தில் என் உயிர் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வருகிற வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டும் வந்தேன்.

இனிமேல் வாயில் ஆணி வைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதை எங்கள் மகள் சட்டமாக்கிவிட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்துகிற பழக்கம் கிடையாது, என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

"உலகமே கன் வச்சு பின் அடிக்குது. நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஆணியத் தின்னுட்டு இருக்கீங்க," என்றாள். "ஒழுங்கா ஒரு ஸ்டேப்பிள் கன் வாங்குங்கப்பா. கை ஒண்ணு போதும், வாயே வேணாம்."

"ம்," என்றார் அவர், வாயில் ஒன்றுமே இல்லாமல்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். கன் வந்துவிடும். வாய் காலியாகிவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலி வாயோடு இந்த மனுஷன் என் எதிரே நிற்பார். அப்போதும் பேசவில்லை என்றால்? அக்காவுக்குச் சொன்ன பதில் செல்லாது. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் செல்லாது. ஆணி இல்லை, ஆளுக்கு என்னிடம் பேச எதுவுமே இல்லை, எப்போதுமே இருந்ததில்லை என்று ஆகிவிடும். அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் கன் என்ற பேச்சு வந்தாலே நான் ஏதாவது நொட்டை சொன்னேன். பழைய மரம் வெடித்துவிடும் என்றேன். பின் அடித்தால் காரின் மதிப்பே போய்விடும், கேப்டன் சம்மதிக்க மாட்டார் என்றேன். மகள் சும்மா இருப்பாளா, கேப்டனுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள்.

"வெளியில தெரியற இடத்துல ஆணி அடிங்க. ஓரத்துல வர்ற பைப்பிங்குக்கு அடியில, லைனிங்குக்கு உள்ள, என்னத்தையோ அடிங்க. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா? எனக்கு உங்க வீட்டுக்காரர் வயிறு முக்கியம்," என்றார் கேப்டன். நல்ல மனுஷன். எனக்குத்தான் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

கன் வாங்குகிற வரைக்கும் வேலை நிற்கக்கூடாது என்று, அடுத்த தெரு சோபாக் கடைக்காரர் தன்னிடமிருந்த கைக் கன்னைக் கொடுத்தனுப்பினார். மின்சாரம் கிடையாது, காற்று கிடையாது. கையாலேயே பிடித்து அழுத்தினால் டக்கென்று ஒரு பின் இறங்கும்.

அன்று காலை நான் தலை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். சிரிக்காதீர்கள். பெண் பார்க்க வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு படபடப்பு இல்லை. அவர் கதவுச் சட்டத்தின் எதிரே நின்று டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தார். நானும் விட்டுவிட்டுத் தூண்டில் போட்டேன். "இந்த நூல் கலர் சேருமா?" என்று கேட்டேன். "ம்." "இன்னிக்குப் புழுக்கமா இல்ல?" "ம்." "கேப்டன் கப்பல்ல எந்தெந்த ஊரெல்லாம் போயிருப்பாரு?" இதற்கு "ம்" பொருந்தாது, ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பின்னை அடித்தார்.

மத்தியானம் பின்பக்கம் போய்த் துணி உலர்த்துகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். வேறென்ன செய்வது? இந்த வயதில் போய் ஒரு பெண்பிள்ளை "எங்கூட ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? மகளிடம் கொஞ்சம் சொன்னேன். "நேரா அப்பாகிட்டயே கேளேம்மா," என்றாள். அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். கேட்டு, "பேச என்ன இருக்கு?" என்று ஒரு பதில் வந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதன் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். ரோஷம்தான். மிஷின் சத்தமும் கன் சத்தமும் மட்டும்தான் பட்டறையில். பக்கத்து ஷெட் மெக்கானிக் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ரேடியோ ரிப்பேரா?" என்றான். உன் வேலையைப் பார் என்று ஒரு பார்வை பார்த்தேன், ஓடிவிட்டான். அவரும் அடிக்கடி நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். ஒருமுறை கேட்டார்: "உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி டக், டக்.

அந்தக் கைக் கன்னால் வேலையும் சரிப்படவில்லை. பழைய மரம் இரும்பாக இறுகியிருந்தது. பின் பாதி இறங்கிப் பாதி நின்றது. நின்றதையெல்லாம் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. அழுத்தி அழுத்தி அவர் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. அதைவிட ஆச்சரியம், கதவுத் துணியில் மடிப்பைக் கோணலாக இழுத்து அடித்துவிட்டார். பிரித்து அடித்தார், மறுபடி கோணல். அவர் கையில் கோணல் வந்து நான் பார்த்ததே கிடையாது. வாயைத் திறந்து கேட்டிருப்பேன், ரோஷம் விடவில்லை. வெந்நீர் வைத்துத் துணி நனைத்து மணிக்கட்டில் மட்டும் ஒத்தடம் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசாமல்.

ஒத்தடம் கொடுக்கும்போது சொன்னார்: "நாளைக்கு டவுனுக்குப் போய் கன் பாக்கலாம். நீயும் வா."

"நான் எதுக்கு? அடிக்கப் போறது நீங்க."

"நீ வரணும்."

டவுனில் அந்தக் கடை பெரியது. சுவர் முழுக்க ரம்பம், துளை போடுகிற மிஷின், ஒரு மூலையில் பெயின்ட் டின் அடுக்கு. கடைக்காரர் எனக்கு உறவுமுறையாகிற மாதிரி பேசினார். வாயாடி. எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பார்த்தாலே பிடித்துவிடும்.

என் வீட்டுக்காரர் துணிப்பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். கேப்டன் காரில் உளுத்துப்போனது என்று மாற்றிய சட்டத்தில் நல்ல பாகமாகப் பார்த்து அறுத்துக் கொண்டுவந்திருக்கிறார். நான் என் பங்குக்கு லைனிங் துணியில் ஒரு துண்டும் தோலில் ஒரு துண்டும் எடுத்துப் போயிருந்தேன். என்ன கோபம் இருந்தாலும் வேலை வேலைதான்.

முதலில் கரண்ட்டில் ஓடுகிற கன். பார்க்க லட்சணமாக இருந்தது. அடித்ததும் கையை உதறிவிட்டது, பின்னும் முக்கால்தான் இறங்கியது. "இது புது மரத்துக்கு ஆகும்ணே," என்று நானே சொல்லித் தள்ளி வைத்தேன். அடுத்தது பேட்டரி கன். பின் நன்றாக இறங்கியது, ஆனால் அதன் மூக்கு சப்பை. கூரைத் துணியும் கதவும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் சந்து இருக்கும். அந்த மூக்கு அதற்குள் போகவே போகாது. மூன்றாவது, காற்றில் அடிக்கிற கன். மூக்கு நீளம், எடை இல்லை, மெல்லிய பின். காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தது. கூட்டி அடித்தபோது மரத்தில் கீறல் விட்டது. குறைத்து அடித்தார். டப். பின் துணியோடு துணியாகப் படிந்து உட்கார்ந்தது. நான் நகத்தை விட்டுப் பார்த்தேன். துணி அறுபடவில்லை, பின் எழும்பவில்லை. தோலிலும் அப்படியே.

"இதாங்க," என்றேன். ரோஷத்தை மறந்து என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவருக்கும் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் காற்றுக்குக் கம்ப்ரஸர் வேண்டுமே. கடைக்காரர் அதை ஓட விட்டுத்தான் காட்டிக்கொண்டிருந்தார். பெரிய தொட்டியும் மோட்டாருமாக அது தரையில் அதிர்ந்துகொண்டு போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் காதருகே வந்து, "நீ அந்தப் பெயின்ட் டின் பக்கம் போய் நில்லு," என்றார்.

"எதுக்கு?"

"உன் மிஷினுக்கும் எனக்கும் அவ்வளவு தூரந்தான் இருக்கும்."

"போய் நின்னு?"

"பேசு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய் நின்றேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்துண்டில் பின் அடிக்கத் தொடங்கினார். நானோ, வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேச ஒன்றும் கிடைக்காமல் முழித்தேன். கடைசியில் டின்களில் இருந்ததைப் படித்தேன்: "வெள்ளை, தந்த நிறம், பச்சை, வெளிர் பச்சை..." அவர் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

"கேக்கல," என்று சைகை காட்டினார்.

கடைக்காரர் புரிந்துகொண்ட முகத்தோடு ஓடிப்போய்க் காதில் மாட்டிக்கொள்கிற பஞ்சு மூடி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணே, கம்ப்ரஸர் வாங்கினா இது இலவசம். மாட்டிக்கிட்டீங்கன்னா இடியே விழுந்தாலும் கேக்காது. அக்கா பேசறதும் கேக்காது!" என்று கத்திவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். என் வீட்டுக்காரர் அதைக் கையால் ஒதுக்கினார். என்னைப் பார்த்து, இன்னும் பேசு என்று சைகை காட்டிவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பட்டறையில் இத்தனை வருஷமும் நான் பார்த்த முதுகு அதுதான். நான் பேசுவது கேட்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். கேட்காத இடத்தில் சொல்லிவிட்டால்தான் என்ன? கண் கலங்கிக்கொண்டு வந்தது. கம்ப்ரஸர் சத்தத்தோடு சத்தமாக, நானும் குரலை உயர்த்தியே கேட்டேன்:

"ஆணியும் போச்சு, இன்னும் ஏங்க பேச மாட்டேங்கறீங்க? எங்கிட்டப் பேச உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

கம்ப்ரஸருக்கு ஒரு குணம் உண்டு. தொட்டியில் காற்று நிரம்பிவிட்டால் தானாகவே நின்றுவிடும். எனக்கு அது தெரியாது. சரியாக "பேச மாட்டேங்கறீங்க" என்ற இடத்தில் அது நின்றது. மீதி முழுவதும் அந்த நிசப்தத்தில், கடைக்கே கேட்கிற மாதிரி விழுந்தது. கடைக்காரர் கையிலிருந்த பஞ்சு மூடியைப் புதிதாகப் பார்ப்பவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

அவர் கன்னைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நான் பேசினா நீ நிறுத்திடுவ," என்றார்.

"என்ன?"

"நடுவுல நான் ஒரு வார்த்தை சொன்னா, நீ அந்த வார்த்தையைப் பிடிச்சிட்டு வேற பக்கம் போயிடற. சொல்லிட்டு இருந்தது அப்படியே பாதியில நின்னுடுது. அப்புறம் அது திரும்பி வர்றதே இல்ல. அதான் நான் வாயைத் திறக்கறதில்ல."

"எது நின்னுச்சாம் அப்படி?"

"உன் சித்தி பல்செட்ட பஸ்ல தொலைச்சிட்டாங்க. தேடிக்கிட்டு டெப்போவுக்குப் போனாங்க. அங்க மேஜை மேல மூணு பல்செட் இருந்துச்சுன்னு சொன்ன. நான் வாய் தவறி, 'மூணா?'ன்னு கேட்டுட்டேன். உடனே நீ, 'ஆமா மூணு, நம்மகிட்டயும் கத்திரி மூணு இருந்துச்சே, ஒண்ணக் காணோமே'ன்னு எந்திரிச்சுத் தேடப் போயிட்ட. கத்திரி கிடைச்சுது. சித்தி இன்னும் டெப்போலயே நிக்கறாங்க."

"அது... அது எப்பச் சொன்னேன்?"

"பாப்பா அப்பக் கைக்குழந்தை."

கண்ணாடிக் கடையில் ஊருக்கே கண் பரிசோதிக்கிற பெண் கைக்குழந்தையாக இருந்தபோது விட்ட கதை! அன்றிலிருந்து அந்த மூன்று பல்செட்டையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் நடமாடியிருக்கிறார்.

"அப்புறம் என்னாச்சுன்னு கேக்க வேண்டியதுதானே?" எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"கேட்டா வேற ஏதாவது ஞாபகம் வந்து, அன்னிக்குச் சொல்லிட்டு இருக்கறதும் போயிடுமே." எச்சிலை விழுங்கிக்கொண்டார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, அவருக்கும் தொண்டை பழகவில்லை போலிருக்கிறது. "இப்ப சோபாக் கடைக் கன் வந்ததுல இருந்து நீ பேச்சையே விட்டுட்ட. அது போடற சத்தத்தாலதான் உனக்குப் பேசவே வெறுத்துப்போச்சுன்னு நினைச்சேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கதவுத் துணியக் கோணலா இழுத்து வச்சிருக்கேன், பாத்தல்ல? அதான் உன்னையும் கூட்டிட்டு வந்தேன். எந்தக் கன் அடிச்சா நீ பேசறது கேக்கும்னு பாத்து வாங்கலாம்னு."

அதற்குமேல் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்று, வீங்கியிருந்த அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கடையில் வைத்து வேறென்ன செய்ய முடியும்? "மக்கு," என்று சொன்னேன். அவரைச் சொன்னேனா, என்னைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, கம்ப்ரஸர் உள்ளதான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. வெளியில சுவத்து ஓரமா வச்சிடுங்க. காத்து ஓஸ் குழாய நீளமாத் தர்றேன், ஜன்னல் வழியா உள்ள இழுத்துக்குங்க." சொன்னதோடு நிற்காமல் கம்ப்ரஸரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடையின் பின்கட்டில் விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார். இப்போது எங்கோ தூரத்தில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரிதான் கேட்டது. என் வீட்டுக்காரர் கன்னை எடுத்தார். நான் யாரும் சொல்லாமலே பெயின்ட் டின் பக்கம் போய் நின்றேன்.

டப். டப்.

"முதல் செட்ட எடுத்துப் போட்டாங்க," என்றேன், சாதாரணக் குரலில். "வாயே மூட முடியல. அவ்வளவு பெருசு."

டப் நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

"இதையே குடுத்திடுங்க," என்றார் கடைக்காரரிடம்.

கம்ப்ரஸரை வண்டியில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னார் கடைக்காரர். பில் போடும்போது, "ரெண்டாவது செட் என்னக்கா ஆச்சு?" என்று அவரும் கேட்டார். அதற்குள் வேறு ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பாவம், அவருக்கு அது பாதியில்தான் நிற்கும்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. கன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ரெண்டாவது செட்ட வாயில வச்ச உடனே சித்திக்கு அழுகையே வந்துடுச்சு," என்றேன்.

"கழுவிட்டுத்தானே போட்டாங்க?"

பல் கழுவுவது என்றதும், குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது, ஆள் கூப்பிட வேண்டும் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பயந்துபோய் என் முகத்தையே பார்த்தார்.

"கழுவிட்டுத்தான். அந்த டெப்போக்காரரு சொம்புல தண்ணி குடுத்தாராம்," என்று சொல்லிவிட்டு, பிடித்த இழையை விடாமல் தொடர்ந்தேன். "ஏன் அழுகைன்னா, அவ்வளவு கச்சிதமாப் பொருந்தியிருக்கு. அவங்க சொந்தப் பல்லுகூட அப்படி இருந்ததில்லையாம். பேசிப் பாத்தாங்க. சிரிச்சுப் பாத்தாங்க. டெப்போக்காரரு, 'உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா, எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க'ன்னாராம். ஆனா மூணாவது செட்டப் பாத்தா, ஓரத்துல அவங்க பழைய உடைசல் இருக்கு. அதான் இவங்களோடது. போட்டா ஈறு குத்தற அதே செட்டு."

"அடடா."

"கையில ஒண்ணு, வாயில ஒண்ணு. நம்மளோடத எடுத்துட்டுக் குத்திக்கிட்டே கிடக்கறதா, இல்ல யாரோடதையோ எடுத்துட்டுப் போயிடறதா? நின்னுக்கிட்டே இருக்காங்க."

"எத எடுத்துட்டு வந்தாங்க?"

பஸ் வேகம் குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருமுனை தெரிந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை, என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நம்ம ஸ்டாப்புங்க."

"போகட்டும். எத எடுத்துட்டு வந்தாங்க?"

ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு சாத்திக்கொண்டது. எங்கள் தெரு பின்னால் போயிற்று.

"பொருந்தினதத்தான்," என்றேன். "வாயில போட்டபடியே, 'இதாங்க என்னோடது'ன்னு கம்பீரமாச் சொல்லிட்டு வந்துட்டாங்க. ஆனா வீட்டுல வந்து ஒரு வாய் சாப்பிட முடியல. எவனோ ஒருத்தன் பட்டினி கிடப்பானேன்னு மனசு உறுத்திடுச்சு. மறுநாள் விடிஞ்சதும் ஓடிப்போய்க் குடுத்துட்டு, அந்தக் குத்தறதையே வாங்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் யாரப் பாத்தாலும் ஒரே பேச்சுதான்: 'ஒரே ஒருநாள் நல்ல பல்லோட இருந்தேன்டி.'"

அவர் சிரித்தார். மூக்கு வழியாக இல்லை. வாய்விட்டு, தோள் குலுங்க, முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, கன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினோம். வெயில் தணிந்திருந்தது. பெட்டியை அவர் தோளில் வைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத் தூரம் திரும்பி நடக்கணுமே," என்றேன்.

"நடப்போம்," என்றார். "கரண்ட் ஆபீஸுக்குள்ள ஆடு புகுந்த கதைய நீ இன்னும் முடிக்கல."